ஏழு சக்கரங்களும் சரிபார்க்கப்பட்ட விவரம்

பெறுநர்: மதிப்பிற்குரிய என் மனைவி அவர்கள், மகள் வீடு.

பொருள்: என் உடம்பிலுள்ள ஏழு சக்கரங்களையும் சரிபார்த்து முடித்தது தொடர்பாக.

அம்மணி,

இந்தப் பக்கம் நான் சுகம். அந்தப் பக்கம் நீ, மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்படி இல்லையென்றால் தகவல் தெரிவிக்கவும். மேலே 'அவர்கள்' என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. உன்னை என்ன சொல்லி அழைத்துக் கடிதத்தை ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விட்டது. முப்பத்தெட்டு வருஷமாக 'இந்தா', 'கேக்குதா', 'எங்க போயிட்ட' என்று மூன்றே பெயரில் உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன், மூன்றும் காகிதத்தில் எடுபடவில்லை. 'அன்பே' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரோ உனக்கு எழுதின மாதிரி இருந்தது, எனக்கே கோபம் வந்து கிழித்துப் போட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் லிஃப்ட் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதுகிற முறை ஒன்றுதான். யாருக்கு, என்ன பழுது, என்ன செய்தோம், இப்போது எப்படி ஓடுகிறது, கீழே கையெழுத்து. ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆனாலும் கை அந்த வழியில்தான் போகிறது, பொறுத்துக்கொள்.

பேறுகாலத்துக்கு மூன்று மாசம் என்று சொல்லிவிட்டுப் போனாய், இப்போது பதினாலு மாசம். பேத்தி சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்று மகள் சொன்னாள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, தேதியைப் பதிவு செய்கிறேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாம் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். நீ சாப்பிட்டாச்சா என்கிறாய், நான் ஆச்சு என்கிறேன். மாத்திரை போட்டாச்சா என்கிறாய், ஆச்சு என்கிறேன். அதற்குப் பிறகு உங்கள் வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தத்தை நாம் இரண்டு பேரும் இரண்டு ஊரிலிருந்து கொஞ்ச நேரம் கேட்கிறோம். பிறகு நீ 'சரி, வைக்கட்டுமா' என்கிறாய், நான் உனக்கு முந்தி வைத்துவிடுகிறேன். வைத்த பிறகு அந்த நாற்காலியிலேயே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். போனில் வராதது எழுத்தில் வரும் என்று டீச்சரம்மா சொன்னார், அதனால்தான் இந்தக் கடிதம். டீச்சரம்மா யார் என்று நீ கேட்பாய். கேட்பாய் என்று நம்பி, நானே சொல்லிவிடுகிறேன்.

நாலு மாசத்துக்கு முன்னால் நெஞ்சில் ஒரு பாரம் வந்தது. வலி இல்லை, பாரம். காலையில் காப்பி போடும்போது பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பேன் பார், அந்த நேரத்தில் சரியாக வரும். ஆஸ்பத்திரியில் நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். வீடு இருக்கிறது என்றேன். மாத்திரை எதுவும் எழுதவில்லை, ஏதாவது ஒரு வகுப்பில் போய் உட்காருங்கள், நாலு முகத்தைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கீழே மருந்துக்கடைக் கதவில் இரண்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒன்று கேக் செய்யக் கற்றுத் தருகிற வகுப்பு, இடம் நிரம்பிவிட்டது. இன்னொன்று 'உங்கள் சக்கரங்களை அறிவோம், சமன் செய்வோம்' என்று போட்டிருந்தது, இடம் நிறைய இருந்தது. உன் புருஷன் சக்கரத்துக்குப் போனது இப்படித்தான். கேக்கில் இடம் இருந்திருந்தால் இந்நேரம் உனக்குப் பார்சல் வந்திருக்கும்.

வகுப்பு சலவைக் கடைக்கு மேல் மாடியில் நடக்கிறது. இஸ்திரி ஆவி தரை வழியாக மேலே வரும், டீச்சரம்மா அதையும் சேர்த்து நல்ல அதிர்வு என்றார். அவருக்கு நாற்பது வயசு இருக்கும், நல்ல மனுஷி, சுவரில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த படத்தை மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கினார். முதுகுத்தண்டின் அடியில் மூலாதாரம், அதன் நிறம் சிவப்பு, பயமும் பாதுகாப்பும் அங்கே. தொப்புளுக்குக் கீழே சுவாதிட்டானம், ஆரஞ்சு, ஆசைகள் அங்கே. வயிற்றில் மணிபூரகம், மஞ்சள், கோபமும் வீம்பும். நெஞ்சில் அனாகதம், பச்சை, பாசம். தொண்டையில் விசுத்தி, நீலம், பேச்சு. புருவத்துக்கு நடுவில் ஆக்ஞை, கருநீலம், உள்ளதை உள்ளபடி பார்ப்பது. உச்சந்தலையில் சகஸ்ராரம், ஊதா, எதிலும் ஒட்டாமல் இருப்பது. சக்தி அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும், எங்கேயாவது தடைப்பட்டால் அங்கே பாரம் வரும் என்றார். மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்கா புரியாது? நான் எழுந்து, "மேடம், என்னோடது எந்த மாடியில நிக்குது, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார், பெயர், தொழில், குடும்பம் எல்லாம் கேட்டார், நான் சொன்ன பதில்களின் நீளத்தை வைத்தே கண்டுபிடித்திருக்க வேண்டும். நாலாவதில், நெஞ்சில், இழுக்கிறது, ஐந்தாவதில், தொண்டையில், அடியோடு நின்றுவிட்டது என்றார்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். டீச்சரம்மா அடியிலிருந்து ஆரம்பியுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் எங்கள் தொழிலில் லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும் முதலில் மொட்டை மாடிக்குத்தான் ஏறுவோம், மோட்டார் ரூம் அங்கேதான் இருக்கிறது. அடியில் குழிக்குள் இறங்கிப் பார்ப்பது கடைசி வேலை. முப்பத்தைந்து வருஷப் பழக்கம் நாலு நாள் வகுப்பில் போகுமா? நான் வீட்டுக்கு வந்து நேரே உச்சந்தலையில் ஆரம்பித்தேன். ஊதா நிறத்தில் நம் வீட்டில் இருப்பது நீ ஜன்னலுக்குத் தைத்த திரை ஒன்றுதான். அதைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு, எதிலும் ஒட்டாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் நன்றாகத்தான் ஒட்டாமல் இருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் அப்படியே எழுந்து போய்த் திறந்துவிட்டேன். தண்ணீர் மீட்டர் பார்க்கிற பெண். ஒரு அடி பின்னால் போய், "வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா" என்று கேட்டாள். எனக்கு அறுபத்தாறு வயசு. நான்தான் பெரியவன் என்று திரைக்குள்ளிருந்து சொன்னேன். மீட்டரைப் பார்க்காமலே எதையோ குறித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். திரையை மறுபடி மாட்டினேன், தலைகீழாக மாட்டியிருக்கிறேன் என்று நினைக்கிறேன், பூவெல்லாம் கீழே பார்க்கிறது. சொல்ல ஆள் இல்லாததால் அப்படியே இருக்கிறது.

புத்தி வந்து அடிக்குப் போனேன். மூலாதாரத்துக்குச் சிவப்பு உடுத்தி வெறும் மண்ணில் உட்கார வேண்டும், பூமி தாங்குகிறது என்று மனசில் சொல்லிக்கொள்ள வேண்டும். சிவப்பில் எனக்கு எதுவும் இல்லை. நீ விட்டுப்போன சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன், கை முழங்கையோடு நின்றுவிட்டது. அதில் நீ தேய்க்கிற தைல வாசனை இன்னும் இருக்கிறது, அதனால் பித்தானைப் போடாமலே கொஞ்ச நேரம் அலமாரிப் பக்கத்தில் நின்றேன், அது வேறு விஷயம். மண்ணுக்கு எங்கே போவது, நாம் இருப்பது மூன்றாவது மாடி. கட்டடத்துக்கு முன்னால் பூச்செடி வைக்கிற பாத்தி இருக்கிறதே, அதில் போய் உட்கார்ந்தேன். பூமி தாங்கியது. ஆனால் விடவில்லை. முட்டி இரண்டும் மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டது. எதிரே பஸ் ஸ்டாப்பில் பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். மானம் போகிறதே என்று, களை பிடுங்குகிற மாதிரி பாவனை செய்ய ஆரம்பித்தேன். ஒரு பஸ் போனால் அடுத்த கூட்டம் வருகிறது, நான் பிடுங்கிக்கொண்டே இருக்கிறேன். கை எட்டுகிற தூரத்தில் இருந்ததெல்லாம் போனது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் முந்தின வாரம்தான் நட்ட நாற்றாம் அது, பதினோரு நாற்று. அவர் எனக்கு எழுதிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்தப் பதினாலு மாசத்தில் எனக்கென்று வந்த ஒரே கடிதம் அது.

கடைசியில் என்னைத் தூக்கிவிட்டது கீழ் வீட்டு நர்ஸ். நீ போன பிறகு குடிவந்தவள், உனக்குத் தெரியாது. ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் வந்து பகலெல்லாம் தூங்குகிற பெண். அன்றைக்கு வேலையிலிருந்து வந்தவள் பையைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கொடுங்கப்பா என்று ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினாள், படி ஏற்றிக் கொண்டுவந்து விட்டாள். வீட்டில் யாரும் இருக்கிறார்களா, கூப்பிடட்டுமா என்று கேட்டாள். சம்சாரம் உள்ளே இருக்கிறாள், கொஞ்சம் படுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது. அதற்குப் பிறகு அவள் படியில் பார்க்கும்போதெல்லாம் அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்பாள், நானும் இப்போ பரவாயில்லை, கால்வலிதான் கொஞ்சம் என்று உன் உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னைப் பற்றி ஒருத்தரிடம் இவ்வளவு பேசினது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஆரஞ்சைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உங்கள் ஆசைகளைப் பட்டியல் போடுங்கள் என்றார்கள், முட்டி வலிக்கக்கூடாது, சமையலறைக் குழாய் சொட்டக்கூடாது, பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் குறைய வேண்டும் என்று எழுதினேன். இது ஆசை இல்லை, கம்ப்ளெயின்ட் என்று டீச்சரம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். மஞ்சளில்தான் மாட்டிக்கொண்டேன். வயிற்றை உள்ளே இழுத்து உள்ளே இழுத்து வேகமாக மூச்சு விட வேண்டும், யார் மேல் கோபமோ அவரை நினைத்துக்கொண்டு விட வேண்டும். நான் மாப்பிள்ளையை நினைத்துக்கொண்டு விட்டேன். உனக்குத் தெரிந்ததுதான். போன வருஷம் நான் அங்கே வந்தபோது அவர் கட்டடத்து லிஃப்டில் ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. கேட்டால் என்னால் உட்கார முடியாது. யாரிடமும் சொல்லாமல் மேலே ஏறி மூடியைக் கழற்றினேன், ஒரு பாகம் தேய்ந்திருந்தது, புதுசு வாங்கக் கடைக்குப் போனால் அந்த மாடல் வருவது நின்றுபோய் ஐந்து வருஷம் ஆகிறது என்றார்கள். இரண்டு நாள் பன்னிரண்டு மாடிக்காரர்களும் படியேறினார்கள். மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் என்ன சொன்னார்? "மாமா, ரிட்டயர் ஆனவங்க ரிட்டயர் ஆன மாதிரி இருக்கணும்" என்றார். நான் மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டேன், அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ அன்றைக்கு அவர் பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை, குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாய். இதையெல்லாம் நினைத்து நான் விட்ட மூச்சின் வேகத்தில் பேன்ட் பித்தான் தெறித்து எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பல் டாக்டரின் நெற்றியில் பட்டது. டீச்சரம்மா கைதட்டினார், மணிபூரகம் திறந்துவிட்டது என்று. ஆகையால் மாப்பிள்ளை மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவரிடம் இதைச் சொல்லத் தேவையில்லை.

பல் டாக்டரும் ரிட்டயர் ஆனவர்தான். அவர் மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. நெஞ்சுச் சக்கரத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தார்கள். எதிரெதிரே நின்று ஐந்து நிமிஷம் கண்ணை எடுக்காமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டும், பேசக்கூடாது. அவர் என்னவோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நிமிஷம் தாங்க முடியாமல், கீழ்வரிசை இடது கடைவாய்ப் பல்லை எடுத்துவிடுவது நல்லது என்று சொல்லிவிட்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார், டீச்சரம்மா டிஷ்யூப் பெட்டியை எடுத்து வந்தார். எனக்கு அழுகை வரவில்லை. நான் வேறு ஒரு கணக்கில் இருந்தேன். ஐந்து நிமிஷம் என்பது இவ்வளவு நீளமா, உன் முகத்தை நான் எப்போதாவது ஐந்து நிமிஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். உன் தாடையில் ஒரு மச்சம் உண்டு. அது இடது பக்கமா வலது பக்கமா என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து ஆல்பத்தை எடுத்தேன், எல்லாப் படத்திலும் நீ மகளைப் பார்த்துக்கொண்டோ சமையலைப் பார்த்துக்கொண்டோ நிற்கிறாய், தாடை தெரியவே இல்லை. மகளுக்குப் போன் செய்து கேட்கலாம் என்று நினைத்தேன். அம்மா மச்சம் எந்தப் பக்கம் என்று எந்த வாயால் கேட்பது? ஆல்பத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். அன்றைக்கு நெஞ்சில் பாரம் அதிகமாகத்தான் இருந்தது. திறக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

தொண்டைக்கு வைத்தியம் சத்தம். அடிவயிற்றிலிருந்து 'ஹம்' என்று இழுத்து, தொண்டை அதிர அதிர, நாளைக்கு நூற்றெட்டுத் தடவை சொல்ல வேண்டும். மூன்று நாள் சொன்னேன். நாலாம் நாள் மத்தியானம் கீழ் வீட்டு நர்ஸ் தலையெல்லாம் கலைந்து, கண் சிவந்து வந்து நின்றாள். தூங்கி மூன்று நாள் ஆகிறதாம், அம்மாவாவது உங்களை நிறுத்தச் சொல்லக்கூடாதா என்றாள். சொன்ன பொய்யை விட முடியுமா? நான் உள்ளே திரும்பி, கூடத்தைப் பார்த்து, "இந்தா, கேக்குதா, இந்தப் பொண்ணு தூங்கணுமாம்" என்று உரக்கச் சொன்னேன். சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்கிற மாதிரி நின்றேன். நிற்கத்தான் நின்றேன், ஆனால் நிஜமாகவே காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. நான் திரும்பவே இல்லை. அவள்தான் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, இந்த வாசல்ல எப்பவும் ஒரு ஜோடி செருப்புதான் கிடக்கு. எனக்கு முதல் நாளே தெரியும். நீங்க சத்தம் போடுங்க, நான் காதுல பஞ்சு வெச்சுக்கறேன்." போய்விட்டாள். அதோடு நான் நூற்றெட்டை நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். எனக்குப் பேச வராது என்று யார் சொன்னது? லிஃப்டில் ஆள் சிக்கிக்கொண்டால் எங்கள் தொழிலில் முதல் வேலை பேசுவது. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் உள்ளே குரல் போக வேண்டும். நான் வந்துட்டேன், பயப்படாதீங்க, இங்கேதான் இருக்கேன் என்று சொல்லி, கதவு திறக்கிற வரைக்கும் வாய் ஓயக்கூடாது. நான் அதில் பேர் எடுத்தவன். ஒரு தடவை ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார், மனுஷனுக்கு மூச்சு வாங்குகிறது, நான் கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகள் பிறந்த கதை, நீ கோபித்துக்கொண்டு கொடியில் என் சட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்த கதை, எல்லாம் சொன்னேன், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். மறுநாள் நன்றி சொல்ல வீட்டுக்கே வந்து, "உங்க வீட்டுக்காரர் என்னமா பேசறாரும்மா, நீங்க கொடுத்து வெச்சவங்க" என்று உன்னிடம் சொன்னார். நீ அவருக்குக் காப்பி கொடுத்தாய், என்னைப் பார்த்தாய். அவர் போன பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "நானும் ஒரு நாள் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டிருக்கணும்." நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா, உனக்கு மறந்திருக்காது. எந்த லிஃப்ட்ல என்று கேட்டேன். அதற்கு நீ சிரித்தாய் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சிரிப்பு இல்லை என்று இந்த மாசம்தான் தெரிந்தது. மூன்றாவது கண், புருவத்துக்கு நடுவில் இருப்பது, அதற்குத் தனியாகப் பயிற்சி எதுவும் நான் செய்யவில்லை. இதுவே போதும்.

ஆக, வேலை முடிந்தது. கடைசி வகுப்புக்கு வீட்டுப்பாடம் இந்தக் கடிதம்தான். யார் மேல் பற்று அதிகமோ அவருக்கு எழுதி, அவரை மனசார விடுதலை செய்ய வேண்டும், அப்போதுதான் உச்சந்தலை திறக்கும், சான்றிதழ் தருவார்கள். ஆகையால் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், எனக்கு இப்போது எந்தக் குறையும் இல்லை. ஏழும் சீராக ஓடுகின்றன. நீ அங்கே பேத்தியோடு எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம், திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நானும் அங்கே வருவதாக இல்லை. தனியாக இருப்பது பழகிவிட்டது, ஒரு விதத்தில் சௌகரியமாகவும் இருக்கிறது, ரேடியோவை வேண்டிய மட்டும் வைக்கலாம், ஜன்னலை வேண்டியபோது திறக்கலாம். உன்னிடம் எனக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை என்பதை இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

மகளுக்கு என் ஆசிகள். பேத்திக்கு முட்டியில் அடிபடாமல் நடை வர வேண்டும். மாப்பிள்ளைக்கு மரியாதை. உனக்கு நீண்ட ஆயுசு.

இப்படிக்கு,
எதிலும் ஒட்டாத,
உன் கணவன்.

பின்குறிப்பு: மேலே ஓரத்தில் பச்சை மையில் 'மிக நன்று, பற்று நீங்கியது' என்று இருக்கிறதே, அது டீச்சரம்மா கையெழுத்து. வகுப்பில் என்னை எழுந்து நின்று கடைசிப் பத்தியைப் படிக்கச் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், பல் டாக்டர் மட்டும் தட்டவில்லை. சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதற்குக் கீழே எழுதுவது டீச்சரம்மா பார்க்காதது.

விடுதலை செய்து எழுதின அந்தக் கடைசிப் பத்தி முழுக்கப் பொய். அது வீட்டுப்பாடம், மார்க்குக்காக எழுதினது. பழகவும் இல்லை, சௌகரியமாகவும் இல்லை. மாப்பிள்ளை சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, பன்னிரண்டு மாடி ஏறினது அவர்கள்தானே. நான்தான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்கிறேன். நீ வர வேண்டாம், நானே வருகிறேன். வியாழக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். தபால் போய்ச் சேர ஒன்பது நாள் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். ஆகையால் இதை நீ படிக்கும்போது நான் உன் வீட்டில்தான் எங்கேயோ இருப்பேன். கடிதத்தைக் கையோடு கொண்டுவரலாமே என்று கேட்பாய். கொண்டுவந்தால் கொடுக்க மாட்டேன். சட்டைப் பையிலேயே வைத்திருந்து, நாலு நாள் கழித்து அப்படியே திரும்பி வந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். பெட்டியில் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, அதனால்தான் தபாலில் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ கதவைத் திறப்பாய். நான் பஸ் லேட்டு என்பேன், அதற்கு மேல் ஒன்றும் வராது, நின்றுகொண்டிருப்பேன். எதற்கு வந்தீங்க என்று நீ கேட்டால், சும்மாதான் என்று சொன்னாலும் சொல்லுவேன். அதை நம்பாதே. சொல்ல வந்தது இதில் இருக்கிறது, பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. அது உன் கைக்கு வருகிற வரைக்கும் என்னைத் திருப்பி அனுப்பிவிடாதே.